சரசு விழுந்த வளைவு

உலகத்திலேயே மலிவான வண்டிக் கதவைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். போன வாரம் டீக்கடையில் இதைச் சொல்லி ஒரு பன் வாங்கித் தின்றேன். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வந்துவிட்டது. கண்டுபிடித்தது வேறு ஆள். நான் அதைத் திறந்தேன், சாத்தினேன், மறுபடியும் திறந்தேன். மாதக்கணக்கில் அதுதான் வேலை. பள்ளிக்கூடக் கதவுக்கு வெளியே நின்றே வளர்ந்தவனுக்குச் சாமி பார்த்துக் கொடுத்த உத்தியோகம்.

எழுத வராது என்பதால் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புகிறேன். பத்திரிகைத் தம்பி என் பேச்சைக் குளிப்பாட்டி, தலை சீவி உங்களிடம் அனுப்புகிறார். அழகாக இருந்தால் அவர் வேலை. அசிங்கமாக இருந்தால் அது ஒரிஜினல்.

அன்றைக்கு நாட்றாம்பாளையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காட்டுப் பாதை. மண் வாசனையோடு எங்கேயோ யானை போட்ட சாண வாசனையும் வந்தது. இறக்கத்தில் வலது பக்கம் வளைகிற ஒரு திருப்பம். ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். குளிர்ந்த காற்று பிடரியில் அடித்தது.

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் வாத்தியார் இருந்தார். மேஸ்திரி இருந்தார். சரசு இல்லை.

இடது கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

சரசு யார்

பயப்படாதீர்கள். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோவுக்கு அண்ணன், காருக்குத் தம்பி. நாலு சக்கரம், பேட்டரியில் ஓடும். முன்னால் ஓட்டுகிறவன், பின்னால் மூன்று பேர். ஆட்டோ வாங்க வருகிறவன் கொஞ்சம் யோசித்தால் இதை வாங்கிவிடலாம் என்கிற விலை. அந்த விலைக்கு இறக்குவதற்காக ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ரேடியோ போனது. கடிகாரம் போனது. கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி போனது. கையால் தள்ள வேண்டியதுதான். கதவு மட்டும் மிஞ்சியது. தட்டினால் அப்பளச் சத்தம் வரும். ஆனால் உள்ளே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது.

விற்பனைக்கு வருவதற்கு முன்னால் யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாதாம். அதற்காக வண்டி முழுக்கக் கறுப்பு வெள்ளையில் நெளிநெளியாக ஸ்டிக்கர். பார்த்தால் தலை சுற்றும். வழியில் அஞ்செட்டி ஊர்ப் பிள்ளைகள் இதற்குப் பேய் வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுகிற மூஞ்சியையும் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்கள்.

இந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டி ஓட்டி, எது கழல்கிறது, எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் சோதனை வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது. ஆளுக்குப் பதில் ஆள் எடையில் மணல் மூட்டை. உயிருள்ள ஜீவன் டிரைவர் மட்டும்தான். மூட்டை கிழிந்தால் மாற்ற ஷெட்டில் வேறு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு மாற்று வைக்கவில்லை. தேவைப்படாது என்று யாரோ என் வீட்டில் விசாரித்திருப்பார்கள்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம். அப்புறம் அதே வழியில் திரும்பி. தினமும் மூன்று மூட்டைகளோடு. எத்தனை நாள்தான் மூட்டை மூட்டை என்பது? நேராக உட்காருகிறது ஒன்று, அது வாத்தியார். வயிறு தள்ளிக்கொண்டிருக்கிறது ஒன்று, அது மேஸ்திரி. இடது கதவோரம் சாய்ந்து வெளியே பார்த்தபடி இருந்தது சரசு.

என் மனைவி பெயர் சரஸ்வதி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

அவள் திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது, குழந்தை நடக்கிறவரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பேரன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். சண்டை ஒன்றும் இல்லை. "உங்ககிட்ட எது பேசுனாலும் ஜோக்காத்தான் முடியுது, எனக்குக் களைப்பா இருக்குது" என்று ஒரு தடவை போனில் சொன்னாள். அதற்கும் நான் ஒரு ஜோக் சொன்னேன்.

அந்த மூட்டை ஓரத்தில் கிழிந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. மாற்று மூட்டை எடுக்க மனசு வரவில்லை. சுற்றிக் கட்ட ஒரு துணி வேண்டியிருந்தது. வீட்டில் அவள் விட்டுப்போன ஊதாப் புடவை ஒன்று கொடியில் கிடந்தது. எடுத்துக் கட்டினேன். அவ்வளவுதான் கதை.

காட்டுச் செக்போஸ்ட் காவலாளி ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி அம்மா தூங்குதா?"

"ஆமாங்க. பேசாது."

"குடுத்து வச்சவன்யா நீ," என்று குறுக்குக் கம்பைத் தூக்கி வழி விட்டார்.

மலையேறும்போது நான் அவர்களோடு பேசுவேன். வாத்தியாரே, இன்னிக்கு மழை வருமா? மேஸ்திரி, கொஞ்சம் தள்ளி உட்காரு, பொம்பளப் புள்ள இருக்குது. பதில் வராது. பதில் வராத பேச்சில் எனக்கு நல்ல அனுபவம் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை.

கதவே இல்லாத காலம்

இந்த வேலைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். கர்நாடக எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியில் ஏற்றினால் கம்பெனி கேட் கேட்டாக இறக்கிக்கொண்டே போவேன். அதில் கதவு என்கிற பேச்சே கிடையாது. வலது பக்கம் குறுக்கே ஒரு கம்பி. இடது பக்கம் வானம்.

கதவு வைத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திறந்து சாத்த வேண்டும். அதற்குள் பின்னால் வருகிற ஆட்டோக்காரன் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதனால் எங்களுக்குக் கதவு ஒரு எதிரி.

கடைசியாக ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஷிப்டுக்கு ஓடுகிற பெண்கள். சீட் ஓரத்தில் ஒரு தொடை தமிழ்நாட்டில், ஒரு தொடை கர்நாடகத்தில் என்று தொங்குவார்கள். முந்தானையைக் கூரைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் எங்கள் ஊர் சீட் பெல்ட். அப்படியே தூங்குகிறவர்களும் உண்டு. கண்ணாடியில் அந்தத் தலைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். ஓரத்தில் ஆடுகிற தலை நிமிர்கிற வரைக்கும் என் கால் பிரேக்கை விட்டு நகராது.

ஒரு தடவை பெரியவர் ஒருத்தர் ஆட்டோடு ஏறினார். நெடுஞ்சாலை சிக்னலில் ஆடு குதித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் நடந்தது.

"உன் வண்டிக்குக் கதவு இருந்தா என் ஆடு போயிருக்குமாடா?"

"கதவு இருந்தா உன் ஆட்ட எவன் ஏத்தியிருப்பான் பெரியவரே?"

வண்டியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டைத் துரத்தினோம். கூட்டம், சத்தம், வியர்வை நாற்றம், மல்லிகைப் பூ, யாருடைய போனிலோ பாட்டு. அந்த வண்டியில் எல்லாம் இருந்தது, கதவு மட்டும் இல்லை. இந்த வண்டியில் கதவு இருந்தது.

மெல்லாமல் விழுங்கு

கதவைக் கண்டுபிடித்த ஆள் என்று சொன்னேனே, அது பவித்ரா. கம்பெனி இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வந்த புதிதில் ஷெட்டில் யாரும் அவளோடு சாப்பிட மாட்டார்கள். அவள் மேடம், மற்றவர்கள் ஃபிட்டர். என்னோடும் யாரும் சாப்பிட மாட்டார்கள். நான் பேச ஆரம்பித்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அப்படி மிச்சமான இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் சேர்ந்தோம்.

என் டப்பாவில் களி உருண்டை, அவரைக்காய்க் குழம்பு. ஒரு நாள் கேட்டாள்.

"இது என்னண்ணே, பல்லுல ஒட்டுது?"

"மெல்லக் கூடாது கண்ணு. குழம்புல புரட்டி அப்பிடியே முழுங்கணும்."

"முழுங்கணுமா? அப்ப ருசி எப்படித் தெரியும்?"

"வயித்துக்குத் தெரியும். அது சொல்லும்."

விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்ததில் குழம்பு கொட்டியது. மறுநாளிலிருந்து ஒரு உருண்டை கூடுதலாகக் கிண்டினேன். ஒருத்தனுக்குக் கிண்டுகிற களியில் கட்டி விழும். இரண்டு பேருக்குக் கிண்டினால் பதமாக வரும். இது சமையல் குறிப்பு, வேறு அர்த்தம் எடுக்காதீர்கள்.

கதவைப் பற்றி நான் கிண்டல் செய்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"இவ்ளோ மெதுவாப் போற வண்டிக்கு எதுக்கு கண்ணு கதவு? மழைக்கு ஒரு படுதா போதாதா?"

"மெதுவாப் போனாலும் வெளிய விழுந்தா பின்னாடி வாறவன் மெதுவாவா வாறான்? உள்ள இருக்கவன் அடிபட்டாலும் பிழைச்சுக்கிடுவாண்ணே. வெளிய விழுதவன்தான் போயிருதான்."

பூட்டுக் கொக்கியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அது இரண்டு கடி கடிக்குமாம். முதல் கடியில் கதவு சாத்தின மாதிரி இருக்கும், ஆனால் பிடி பாதிதான். இரண்டாவது கடிதான் முழுப் பிடி. முதல் கடியோடு நின்றுவிட்டால் சொல்வதற்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கேட்டிருந்தாள். விலைக்குக் கட்டுப்படியாகாது என்று அதையும் கழற்றிவிட்டார்கள். "நானும் சரின்னுதான் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒரு நாள் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டுக் களியை மென்றாள்.

மேனேஜர் கன்னடக்காரர், நல்ல மனிதர். வாயைத் திறந்தால் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கலந்து வரும். பெஞ்சில் எங்களைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்.

"முனியப்பா, நோடு. இந்த ட்ரயல் ஒழுங்கா முடிஞ்சா ஷெட்டுக்கு ஒள்ளே பேரு, நல்ல பேரு. டோர்ல ஒரு சின்ன ப்ராப்ளம் பந்த்ரூ, வந்தாலும் சரி, வேல பூரா சென்னைக்குப் போயிடும். மேடமும் சென்னைக்கு. ஆமேலே, அப்புறம் நீனும் நானும் இங்க மணல எண்ணிட்டு இருக்கணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு ஒரு உருண்டை டப்பாவிலேயே மிஞ்சியது.

என் பேருள்ள சாமி

வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு முனியப்பன் கோயில். என் பேருள்ள சாமி. அந்த வழியில் போகிற லாரி, பஸ், டெம்போ எதுவும் நிற்காமல் போகாது. பூசாரி வந்து சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார், கறுப்புக் கயிறு கட்டுவார், திருநீறு பூசுவார். முதல் நாளே என்னை மறித்துவிட்டார்.

"புது வண்டி. கயிறு கட்டாம மலை எறங்கக் கூடாதப்பா."

"கம்பெனி வண்டிங்க. ஸ்டிக்கர் மேல எதுவும் கட்டக் கூடாது."

"வெளிய கட்டுனாத்தான சாமி வரும்னு எவன் சொன்னான்? உள்ள கட்டுறேன்."

இடது பக்கப் பின் கதவைத் திறந்தார். பூட்டுக் கொக்கி போய்க் கடிக்கிற கம்பி ஒன்று கதவுச் சட்டத்தில் இருக்கும். கட்டுவதற்குத் தோதாக வண்டிக்குள் இருந்த ஒரே கம்பி அதுதான். சின்னதாக ஒரு சுற்று. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நானே இவ்வளவு நல்ல இடம் யோசித்திருக்க மாட்டேன்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பழைய கயிற்றின் மேலேயே புதுக் கயிறு ஒரு சுற்று ஏறியது. பவித்ரா கதவுகளைக் கழற்றிப் பார்ப்பது சோதனை முடிந்த பிறகுதான். அந்த மாதம் மழை வேறு.

பூசாரிக்கு என் மேல் பிரியம். மூட்டைகளுக்கும் திருநீறு பூசுவார். சரசுவைப் பார்த்து, "அம்மாவுக்குக் குங்குமம் வைக்கட்டா?" என்று ஒரு நாள் கேட்டார். வைக்கச் சொன்னேன்.

வளைவுக்கு வருகிறேன்

பிரேக் போட்டு இறங்கிப் பின்னால் ஓடினேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லை. அதிலிருந்து ஒரு ஆள் மண்வெட்டியோடு கத்திக்கொண்டே வந்தார்.

"அய்யய்யோ! பொம்பள உழுந்துட்டாளே! டேய், நிறுத்துறா வண்டிய! பொம்பள உழுந்துட்டா!"

அவருக்குப் பின்னால், நான் வந்த திசையிலிருந்தே, டெம்போ ஒன்று வேகமாக இறங்கி வந்தது. ரோட்டு நடுவில் ஊதாப் புடவையைப் பார்த்ததும் டிரைவர் பிரேக்கை மிதித்தான். ஈர ரோடு. டயர் கத்தியது. சறுக்கிக்கொண்டே வந்து, புடவை முந்தானையின் மேல் முன் சக்கரத்தை ஏற்றி நின்றது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மண்வெட்டிக்காரர் முதலில் போய்க் குனிந்தார். புரட்டினார். கொட்டினதைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"என்னய்யா இது... மணலு!"

"ஆமாங்க. மணலுதாங்க."

"மணலா?"

"மணலுதாங்க. கம்பெனி மணலு."

டெம்போ டிரைவர் இறங்கி என்னைத் திட்டினான். என் அப்பனிலிருந்து ஆரம்பித்து அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து விலகிப் போனான்.

மண்வெட்டிக்காரர் போகவில்லை. மூட்டை கிழிந்து ஈர ரோட்டில் மணல் கொட்டிக்கிடந்தது. புடவையைத் தூக்கிப் பார்த்தார்.

"மணலுக்கு எதுக்குய்யா சீல கட்டி வச்சிருக்க? பொட்டு வேற."

எப்போதும் வாயில் தயாராக ஒன்று இருக்கும். அன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். புடவையை உதறி மடித்து என் மடியில் வைத்தார். கொட்டின மணலைக் கையாலேயே கூட்டி மூட்டையில் போட்டார். கொல்லையிலிருந்து சணல் எடுத்து வந்து வாயைக் கட்டினார். இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தோம்.

"ஏப்பா, இந்த வண்டியில நாளைக்கு ஆளுங்கதான போவாங்க?"

"ஆமாங்க."

"எம்மக தேன்கனிக்கோட்டைக்கு வேலைக்குப் போவுது. ஷேர் ஆட்டோவுல. இந்த மாதிரி கதவு வச்ச வண்டி வந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன்," என்றார். கதவைப் பிடித்து ஒரு தடவை சாத்திப் பார்த்தார். சாத்திக்கொண்டது. "இப்ப நல்லாத்தான சாத்துது?"

நானும் ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்தேன். நல்லாத்தான் சாத்தியது. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஷெட்டில்

திரும்பி வரும் வழி முழுக்க ஒரே கணக்கு. கதவு திறந்துகொண்டது என்று சொன்னால் பவித்ரா சென்னைக்கு. நான் சரியாகச் சாத்தவில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முனியப்பன் எதைத்தான் சரியாகச் செய்தான்? வாழ்க்கையில் முதல் தடவையாக என் கெட்ட பெயர் எனக்கு உபயோகப்படப் போகிறது.

ஷெட்டில் மேனேஜர் நின்றிருந்தார். கிழிந்த மூட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் முந்திக்கொண்டேன்.

"சார், எம்மேலதான் தப்பு. கதவ ஒழுங்கா சாத்தல. பாட்டுப் பாடிக்கிட்டே சாத்திட்டேன்."

"அஷ்டேனா? அவ்ளோதானா?" மேனேஜர் மூச்சு விட்டார். "சரி, டிரைவர் மிஸ்டேக்."

பவித்ரா டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். இடுக்கியால் எதையோ இழுத்தாள். ஈரமாக, தடிமனாக, மஞ்சள் ஒட்டின கறுப்புக் கயிற்றுக் கொத்து வந்தது.

"யாருண்ணே இத இங்க கட்டுனது?"

"சாமி கயிறு கண்ணு. முனியப்பன் கோயில்ல..."

மேனேஜர் சிரித்தே விட்டார். "நோடிதிரா, பாத்தீங்களா மேடம்! கயிறு கட்டி வெச்சிருக்கான். டோர் பாவம், என்ன பண்ணும்? டோர்ல தப்பே இல்ல."

"ஆமா சார், கதவு பாவம்," என்றேன். "என்னையப் புடிச்சி உள்ள போடுங்க. கயித்தோட சேத்துப் போடுங்க."

பவித்ரா எழுந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள், மேனேஜருக்குப் பதில் சொல்வது மாதிரி.

"நம்ம வண்டிய வாங்குதவன் கயிறு கட்ட மாட்டானா சார்? மொத நாளே கட்டுவான். எலுமிச்சம்பழம் கட்டுவான், மொளகா கட்டுவான். துண்டு மாட்டிக்கிடும், சீல மாட்டிக்கிடும். கொக்கி பாதி கடிச்சிட்டு நிக்கும், பாத்தா சாத்துன மாதிரியே இருக்கும். அவனுக்கு அது எப்படித் தெரியும்? வெளக்குதான் இல்லையே."

"மேடம், டிரைவரே ஒத்துக்கறான்..."

"அவரு ஒத்துக்கிடுவாரு. அவரு எதத்தான் ஒத்துக்கிடல?" என்று கயிற்றை பெஞ்சில் வைத்தாள். "கதவு தெறந்துட்டுது சார். அப்படித்தான் எழுதப் போறேன்."

மேனேஜர் கயிற்றை எடுத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "யோசனை மாடி, நல்லா யோசிச்சு எழுதம்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ஏன் கண்ணு இப்பிடி? நான்தான் சொல்லிட்டேன்ல. ஒரு மூட்ட மணல்தான கொட்டுச்சி?"

"நீங்க பின்னாடி வந்த வண்டியப் பத்திச் சொல்லவே இல்லியேண்ணே."

"எந்த வண்டி?"

"சீட்டுல கெடக்க சீல மேல டயர் தடம் இருக்கு," என்றாள்.

பஸ் ஸ்டாண்டு

அவள் எழுதினாள். மேனேஜர் சொன்னபடியே நடந்தது. சோதனை நின்றது, கதவுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். கதவோடு அவளையும்.

நான் கோபமாக இருந்தேன். நல்ல பெண்ணாக இருந்துகொண்டு என்ன பிரயோஜனம், பெஞ்சில் இடம் காலியாகிறது அல்லவா? கடைசி இரண்டு மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. வாய் ஓயாதவன் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், ஃபிட்டர் நஞ்சப்பன் வந்து, "அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான்.

ஆனாலும் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டம். ரோஜாக் கட்டு, தக்காளிக் கூடை, கன்னடத்தில் ஒரு சண்டை, தெலுங்கில் ஒரு சமாதானம். டப்பாவில் களி கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸில் களி எப்படிச் சாப்பிடுவது என்று எனக்கும் தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் கிளம்புகிற நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாளையிலருந்து யாரு கூடண்ணே சாப்பிடுவீய?"

"ஏன், வாத்தியாரு இருக்காரு, மேஸ்திரி இருக்காரு. பெரிய பந்தி கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன். அந்த நேரத்தில் என்ன ஆனதோ, சரஸ்வதியிடம்கூடச் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. "கண்ணு, நெசத்தச் சொல்லணும்னா, நான் இப்பிடிப் பேசிக்கிட்டே இருக்கறது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னலில் காதை வைத்து...

தம்பி, ஒரு நிமிஷம். யாரோ கூப்பிடுகிறார்கள்.

"முனியப்பாண்ணே! எங்கண்ணே இருக்கீங்க? சென்னையிலருந்து வந்த புதுக் கதவு மாட்டியாச்சு!"

நஞ்சப்பன்தான். சாப்பிட விட மாட்டான்.

"மாட்டுனா சாத்திப் பாருடா! உனக்குக் கையில்லயா?"

"நான் சாத்தக் கூடாதாம்ண்ணே! பவித்ரா மேடம் சென்னையிலருந்து வீடியோல நிக்குறாங்க. நீங்க வந்தாத்தான் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க!"

கேட்டதா தம்பி? கையெல்லாம் களி. தண்ணீர்ச் சொம்பு எங்கே போனது? இருங்கள், போனை வைக்கிறேன்.

"நஞ்சப்பா! கட் பண்ணிராத! இதோ வந்துட்டேன்னு சொல்லு!"